போன்சாய்க்கு என்ன கம்பி, எங்கே வாங்குவது?

போன்சாய் என்பது தொட்டியில் குட்டையாக, வடிவம் கொடுத்து வளர்க்கும் மரம். அதை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் தொட்டியைப் பற்றியும் மண்கலவையைப் பற்றியும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். கிளையை வளைத்து நிறுத்தச் சுற்றும் கம்பி என்று வரும்போது மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துச் சுற்றிவிடுவார்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய கட்டுக்கம்பிதான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு மழைக்காலம் போவதற்குள் அது துருப்பிடித்து, பட்டையில் கறை இறங்கி, கிளையும் நினைத்த பக்கம் நிற்காது. "கம்பி கட்டுறது நமக்கு வராது" என்று பலர் ஒதுங்குவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் குறை அவர்கள் கையில் இல்லை, கம்பியில்தான் இருக்கிறது.

கிளையை வளைப்பது உங்கள் கை. வளைத்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே கம்பியின் வேலை. கிளை அந்த நிலையிலேயே சில வாரமோ சில மாதமோ இருந்து, உள்ளே புதிய மரப்பகுதி வளர்ந்து இறுகிவிட்டால், அதன்பிறகு கம்பி தேவையில்லை. ஆகவே நல்ல கம்பிக்கு இரண்டு குணம் வேண்டும். சுற்றும்போது கைக்கு இளக்கமாக வர வேண்டும். வளைத்த பிறகு திமிறாமல் அப்படியே நிற்க வேண்டும். விறைப்பான கம்பிக்கு முதல் குணம் கிடையாது. அதைச் சுற்றப் போராடும்போதே மொட்டுகள் உதிர்ந்து, பட்டை நசுங்கிவிடும்.

கம்பி வருவதற்கு முன்பும் மரங்களை வளைத்திருக்கிறார்கள். சீனாவின் யாங்சோ பகுதியில் பனைநாரை முறுக்கிக் கயிறாக்கிக் கிளைகளைக் கட்டி இழுத்தார்கள். அந்த மரபு இன்றும் இருக்கிறது. தென்சீனத்தின் லிங்னான் முறையில் கம்பியை நம்பாமல், வெட்டியும் வளரவிட்டுமே வடிவம் கொண்டுவருவார்கள். ஜப்பானில் கம்பியால் வளைக்கும் முறை பரவத் தொடங்கியது மெய்ஜி காலத்தின் (1868–1912) இறுதியில். 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த தோட்டக்காரர்கள் 1925-இல் தோக்கியோவுக்கு வடக்கே ஓமியாவில் போன்சாய் கிராமத்தை அமைத்தார்கள். அங்கே மெருகேறிய கம்பி வேலைதான் இன்று உலகம் முழுக்க எல்லோரும் பார்த்துப் பழகுவது.

முதலில் மரத்தைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். எந்தக் கிளைகளை வளைக்கப் போகிறீர்கள்? அவை அடியில் எவ்வளவு தடிமன்? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் தடிமன் கிளை என்றால் சுமார் 7 மி.மீ. குச்சிஐஸ் குச்சியின் பாதி அகலம் என்றால் 5 மி.மீ. பக்கம். இந்தக் கணக்கு இல்லாமல் போனால் ஒன்றுக்கும் உதவாத அளவில் ஒரு கிலோ வாங்கி வருவீர்கள்.

மரத்தின் ஜாதியும் முக்கியம். நம் மொட்டைமாடிகளில் அதிகம் இருப்பவை ஆல், அரசு, இச்சி, நர்சரியில் 'ஃபைகஸ்' என்று விற்கும் வகைகள். இவை நன்றாக வளையும், சீக்கிரம் பருக்கும், பட்டை மெல்லியது. ஆகவே கம்பித் தழும்பும் சீக்கிரம் விழும். போகன்வில்லாவின் முற்றிய கிளை சட்டென்று ஒடியும்; பச்சையாக, பாதி முற்றிய நிலையில் இருக்கும்போதே கம்பி கட்ட வேண்டும். புளியும் கொடுக்காப்புளியும் இளங்கிளையில் வளையும், முற்றினால் முரண்டு பிடிக்கும். சவுக்கு, ஜூனிபர் போன்றவற்றின் கிளைகள் வளைத்தாலும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அவற்றுக்கு நீண்ட நாள் உறுதியாகப் பிடிக்கும் கம்பி தேவை.

அலுமினியமா, செம்பா?

போன்சாய்க்கு உதவும் உலோகம் இந்த இரண்டே. இரும்பைக் கட்டுக்கம்பி, ஜி.ஐ. கம்பி, பிளாஸ்டிக் உறை போட்ட கொடிக்கம்பி என்று எந்த உருவில் கொண்டுவந்தாலும் சுற்றுவதற்கு வேண்டாம். ஒரு கிளையைத் தொட்டியின் விளிம்போடு சேர்த்துக் கீழே இழுத்துக் கட்டுவதற்கு மட்டும், தொடும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் ட்யூப் செருகி, ஜி.ஐ. கம்பியைப் பயன்படுத்தலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் அலுமினியம். மென்மையானது, தப்பாகச் சுற்றினால் பிரித்து மறுபடி சுற்றலாம், விலை குறைவு. போன்சாய்க்கென்று விற்கும் அலுமினியக் கம்பி ஆனோடைஸ் (மின்முறையில் மேற்படலம் ஏற்றுவது) செய்யப்பட்டிருக்கும். மேலே பழுப்பு அல்லது செம்பு நிறம் ஏற்றியிருப்பதால் மரத்தில் கண்ணை உறுத்தாது. வெற்று அலுமினியம் வெள்ளியாக மின்னும், விரலில் சாம்பல் நிறக் கறை ஒட்டும். அவ்வளவுதான் வித்தியாசம், வேலைக்கு இரண்டும் ஒன்றே.

செம்பின் சிறப்பு வேறு. தீயில் காய்ச்சி இளக்கிய செம்பு சுற்றும்போது மெழுகாக வரும். வளைக்க வளைக்க இறுகிக்கொண்டே போகும். மரத்தில் ஏறியபின் அது சுற்றும்போது இருந்ததைவிடப் பலமானது. அதனால் 3 மி.மீ. அலுமினியம் செய்யும் வேலையை 2 மி.மீ. செம்பு செய்துவிடும். மெல்லிய கம்பி, குறைவான சுற்று, சில வாரத்தில் நிறம் மங்கிப் பட்டையோடு கலந்துவிடும். ஜப்பானில் பைனுக்கும் ஜூனிபருக்கும் செம்பை விடாமல் வைத்திருப்பது இதனால்தான். ஆனால் ஒருமுறை வளைத்த செம்பைப் பிரித்து மறுபடி சுற்ற முடியாது. முரட்டுத்தனமாகிவிடும், மறுபடி தீயில் போட வேண்டும். கை பழகாதவருக்கு இது பெரிய தடை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். கிலோ கணக்கில் செம்பு அலுமினியத்தைப்போலப் பல மடங்கு. அதோடு செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துக்கு 2.70, ஒரே எடைக்குச் செம்பில் மூன்றில் ஒரு பங்கு நீளமும் கிடைக்காது. ஆல், அரசு மட்டும் வளர்க்கிறவர் செம்பு வாங்காமலே பல வருடம் ஓட்டலாம். சவுக்கோ, மலைப்பக்கம் வளர்க்கும் ஜூனிபரோ வந்தபிறகு செம்புக்குப் போங்கள்.

தடிமனைத் தேர்ந்தெடுப்பது

கம்பி சுற்றத் தொடங்கும் இடத்தில் கிளை எவ்வளவு தடிமனோ, அதில் மூன்றில் ஒரு பங்கு. அலுமினியத்துக்கு இதுதான் தொடக்கக் கணக்கு. 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. கம்பி, 9 மி.மீ. கிளைக்கு 3 மி.மீ. கம்பி. இச்சி மாதிரி இளகிய மரத்துக்கு இன்னும் கொஞ்சம் மெல்லியது போதும். புளி மாதிரி முரட்டு மரத்துக்கு ஒரு அளவு கூட வேண்டும்.

கணக்கைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. கம்பியின் முனை சுமார் ஒரு சாண் நீட்டியிருக்கும்படி கையில் பிடித்து, அந்த முனையால் கிளையை வளைய வேண்டிய பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கிளை நகர்ந்தால் கம்பி போதும். கிளை அசையாமல் கம்பி மடங்கினால் போதாது. கம்பி துளியும் வளையாமல் கிளை மட்டும் ஓடினால், தேவைக்கு மேல் தடிமனான கம்பி கையில் இருக்கிறது. அதைச் சுற்றுவதற்குள் கிளைக்குத்தான் சேதம்.

உருண்டைக் கம்பியின் பிடிபலம் தடிமனோடு நேராக ஏறுவதில்லை, அதன் மும்மடியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறுகிறது. 2 மி.மீ. கம்பியைவிட 2.5 மி.மீ. கம்பிக்குப் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு; 4 மி.மீ. கம்பிக்கு எட்டு மடங்கு. அரை மில்லிமீட்டர் என்று அலட்சியமாக விட முடியாது. இதே கணக்கை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 2.5 மி.மீ. கையிருப்பில் இல்லையா? இரண்டு 2 மி.மீ. கம்பிகளை இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சுற்றுங்கள், அதே பலம் கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

தொடக்கத்துக்கு 1.5, 2, 3 மி.மீ. மூன்று அளவு போதும். நுனிக்கிளைகளைத் தொட ஆரம்பித்தால் 1 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டையே வளைக்கும் நாற்று வந்தால் 4 மி.மீ. அதற்கு மேலே 5, 6 எல்லாம் கை வலுவும் பழக்கமும் கேட்கும். இப்போது வேண்டாம்.

கேஜ், ஸ்கொயர் எம்.எம்., மில்லிமீட்டர்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. போன்சாய்க் கம்பி மில்லிமீட்டரில் வரும். நம் ஊர் கம்பிக் கடையிலும் மோட்டார் ரீவைண்டிங் கடையிலும் கேஜ் கணக்கு, அதாவது எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவு. இதில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். மனதில் வைக்க வேண்டியவை: 20 கேஜ் 0.91 மி.மீ., 18 கேஜ் 1.22, 16 கேஜ் 1.63, 14 கேஜ் 2.03, 12 கேஜ் 2.64, 10 கேஜ் 3.25, 8 கேஜ் 4.06. அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் சொல்லும் கேஜ் வேறு கணக்கு. அவர்களுடைய 14, நம் கடையில் 16. அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கேட்காதீர்கள்.

எலக்ட்ரிக்கல் கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்', 'இரண்டரை ஸ்கொயர்' என்பது தடிமன் அல்ல, வெட்டுமுகப் பரப்பு. ஒற்றை இழைக் கம்பியாக இருந்தால் 1.5 ஸ்கொயர் என்பது சுமார் 1.4 மி.மீ. தடிமன், 2.5 ஸ்கொயர் 1.8, 4 ஸ்கொயர் 2.25, 6 ஸ்கொயர் 2.75. ஒற்றை இழை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது வீட்டு வயரிங்குக்கு வரும் காயில்கள் பெரும்பாலும் தலைமுடி போன்ற பல இழைகளை முறுக்கியவை. அவற்றை உரித்தால் போன்சாய்க்கு ஆகாத நூல்தான் கிடைக்கும்.

எங்கே வாங்குவது

சுலபமான வழி, போன்சாய்க்கென்றே வரும் ஆனோடைஸ் அலுமினியக் கம்பிச் சுருள். பெரிய நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று கிடைக்கும். இணையத்தில் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எடை போட்டிருக்கிறதா, நீளம் போட்டிருக்கிறதா? இரண்டும் இல்லாமல் 'ஒரு ரோல்' என்று மட்டும் இருந்தால் விலையை ஒப்பிடவே முடியாது. அடுத்தது, தலைப்பில் 'காப்பர்' என்று இருப்பதெல்லாம் செம்பு அல்ல. செம்பு நிறம் ஏற்றிய அலுமினியத்தையும் அந்தப் பெயரில்தான் போடுகிறார்கள். கெட்ட பொருள் இல்லை, நீங்கள் வாங்க வேண்டியதே அதுதான். செம்பு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். கைவினைப் பொருள் கடைகளில் நகை செய்ய விற்கும் வண்ண அலுமினியக் கம்பியும் இதே இனம். பழுப்போ கறுப்போ கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எலக்ட்ரிக்கல் கடையில் அலுமினிய சர்வீஸ் வயர் இருக்கும். மின்கம்பத்திலிருந்து வீட்டு மீட்டருக்கு வரும் தட்டையான இரட்டை வயர். உள்ளே ஒற்றை இழை அலுமினியம், 2.5 ஸ்கொயர், 4 ஸ்கொயர், 6 ஸ்கொயர் மூன்றும் நமக்கு உதவும் அளவு. எலக்ட்ரீஷியன்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடந்தால் கேட்டு வாங்கலாம். உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். எரித்து எடுக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும். இந்தக் கம்பி போன்சாய்க் கம்பியைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும், ஆகவே கீழே சொல்லும் வளைவுச் சோதனையைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

எர்த்திங்குக்கு விற்கும் 8 கேஜ் வெறும் செம்புக் கம்பியும் அதே கடையில் உண்டு. 4 மி.மீ. என்பதால் தண்டுக்கும் பெருங்கிளைக்கும்தான் ஆகும். வாங்கும்போது பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், தீயில் காய்ச்ச வேண்டிவரும்.

செம்புக்கு நான் முதலில் காட்டும் இடம் மோட்டார் ரீவைண்டிங் கடை. கிணற்று மோட்டார் ஓடும் ஊர்களில் அப்படி ஒரு கடை இருக்கும். பம்ப்செட் தொழில் நடக்கும் கோவைப் பக்கம் என்றால் தேடவே வேண்டாம். காயில் கட்டும் கம்பி தொழிற்சாலையிலேயே இளக்கி, மேலே தேன் நிறத்தில் மெல்லிய எனாமல் பூச்சு கொடுத்து வருவது. அப்படியே மரத்தில் சுற்றலாம், காய்ச்ச வேண்டியதில்லை. கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, காயில் கட்டுற காப்பர் கம்பி சில்லறையா கொஞ்சம் வேணும்."

"என்ன மோட்டாரு தம்பி? எத்தனை ஹெச்.பி.?"

"மோட்டாருக்கு இல்லண்ணே, செடிக்கு. கிளையை வளைச்சுக் கட்டணும். பதினெட்டு கேஜ்ல இருநூறு கிராம், பதினாறுல இருநூறு கிராம் இருந்தா போதும்."

செடிக்கு என்றதும் கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் கொடுப்பார்கள். அந்த இருநூறு கிராமில் 18 கேஜ் ஏறக்குறைய 19 மீட்டர், 16 கேஜ் கிட்டத்தட்ட 11 மீட்டர் வரும். சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வரும் கம்பியில் எனாமலுக்குப் பதில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும், அதை உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து பிடுங்கிய பழைய காயிலை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வார்னிஷ் இறுகி, ஒவ்வொரு விரற்கடைக்கும் மடிப்பு விழுந்து, நீளமும் இல்லாமல் இருக்கும்.

பழைய இரும்புக் கடையிலும் செம்பு, அலுமினியம் கிடைக்கும். ஆனால் மின்வாரியக் கம்பிகளும் ரயில்வே கம்பிகளும் திருட்டுப் போவது நாம் அறிந்ததே. எங்கிருந்து வந்தது என்று தெரியாத செம்பை வாங்காதீர்கள், பில் கேளுங்கள். மின்கம்பங்களுக்கு நடுவே ஓடும் அலுமினிய இழை எப்படியும் நமக்கு உதவாது. தொங்காமல் நிற்பதற்காக விறைப்பாக இழுத்துச் செய்தது, ஸ்பிரிங் மாதிரி திமிறும்.

கடையிலேயே செய்யும் சோதனைகள்

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தமும் ஒரு பென்சிலும் போதும்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. வெல்டிங்குக்கு விற்கும் செம்பு நிறக் கம்பி இப்படித்தான். மேலே மெல்லிய செம்புப் பூச்சு, உள்ளே எஃகு. ஒட்டாவிட்டால் முனையை நகத்தாலோ கத்தியாலோ லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் செம்பு. கையில் தூக்கினால் எடையும் சொல்லிவிடும்.

அடுத்து வளைவு. ஒரு சாண் நீளக் கம்பியை விரலைச் சுற்றி 'ப' வடிவத்தில் மடித்துவிட்டு விடுங்கள். மடித்த இடத்திலேயே கிடந்தால் நல்ல கம்பி. 'ப'வின் கால்கள் கொஞ்சம் விரிந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் நிமிர்ந்து வந்தால் விறைப்பான கம்பி, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

தடிமனில் சந்தேகம் இருந்தால் பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அந்தச் சுற்றுகளின் மொத்த அகலத்தை ஸ்கேலால் அளங்கள். 20 மி.மீ. வந்தால் கம்பி 2 மி.மீ. கடைக்காரரிடம் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) இருந்தால் அதுவும் சரி.

எவ்வளவு வாங்க வேண்டும்

அலுமினியம் 100 கிராமில் 1.5 மி.மீ. சுமார் 21 மீட்டர், 2 மி.மீ. சுமார் 12 மீட்டர், 3 மி.மீ. 5 மீட்டர், 4 மி.மீ. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றும்போது கிளை நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு கம்பி போகும். ஒரு அடி உயர இச்சியில் பதினைந்து கிளைக்குக் கட்டுவதாக வைத்துக்கொண்டாலும் பத்து மீட்டரைத் தாண்டாது. ஆகவே முதல் தடவை 1.5 மி.மீ. 100 கிராம், 2 மி.மீ. 250 கிராம், 3 மி.மீ. 250 கிராம். இது இரண்டு மூன்று மரத்துக்குத் தாராளம், பழகுவதற்கும் மிஞ்சும். எது சீக்கிரம் தீர்கிறதோ அதை அடுத்த முறை அதிகமாக வாங்குங்கள். பெரும்பாலும் 2 மி.மீ. தான் முதலில் தீரும்.

செம்பை வைக்கோல் தீயில் இளக்குவது

விறைப்பான செம்புக் கம்பி வாங்கினாலோ, பழைய கம்பியை மறுபடி பயன்படுத்தினாலோ மட்டுமே இது தேவை. ஜப்பானியத் தோட்டக்காரர்கள் வைக்கோல் தீயில்தான் செய்வார்கள். அதன் சூடு மென்மையாக, கம்பி முழுக்க ஒரே சீராகப் பரவும். நமக்கு வைக்கோலுக்கு என்ன பஞ்சம்.

கம்பியை ஒரு சாண் விட்டமுள்ள தளர்ந்த வளையங்களாகச் சுருட்டுங்கள். நெருக்கமாகக் கட்டினால் நடுவில் இருக்கும் சுற்றுகளுக்குச் சூடு ஏறாது. எனாமல் கம்பியாக இருந்தால் பூச்சு எரியும் புகை கெட்டது. திறந்த வெளியில், புகை வீசும் பக்கம் நில்லாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பொழுது சாய்ந்த நேரம் நல்லது, ஏனென்றால் நாம் பார்க்க வேண்டியது நிறத்தை. வைக்கோலைப் பரப்பி, கம்பியை நடுவில் வைத்து, மேலேயும் போட்டுக் கொளுத்துங்கள். தணிய விடாமல் பிடிபிடியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் கம்பியின்மேல் வானவில் நிறங்கள் ஓடும். பிறகு கறுக்கும். அதற்குப் பிறகு இருட்டில் மட்டும் தெரிகிற மாதிரி, அடியிலிருந்து ஒரு மங்கிய சிவப்பு எழும். கம்பி முழுக்க அந்த நிறம் ஒருமுறை வந்துவிட்டால் போதும். பளீரென்ற ஆரஞ்சு வரைக்கும் விடாதீர்கள். இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போட்டால் சத்தத்தோடு கறுப்புப் படலம் உதிர்ந்து, உள்ளே ரோஜா நிறச் செம்பு தெரியும். எஃகைத் தண்ணீரில் போட்டால் கடினமாகும்; செம்புக்கு அந்தப் பயம் இல்லை. ஆறவைத்தாலும் ஒன்றுதான்.

இளக்கிய செம்பை எடுத்துப் பாருங்கள், தன் எடைக்கே தொங்கும். இனி அதை வீணாக வளைக்கக்கூடாது. ஒவ்வொரு வளைவும் அதன் மென்மையைத் தின்னும். பெரிய வளையமாகவே ஆணியில் மாட்டிவையுங்கள், தரையில் போட்டு மிதிபடவிடாதீர்கள்.

அலுமினியத்தை இப்படித் தீயில் போடவே கூடாது. அது சிவக்காது, எந்த அறிகுறியும் காட்டாமல் 660 டிகிரியில் உருகி ஒழுகும். விறைப்பான அலுமினியத்தை இளக்கியே ஆக வேண்டுமென்றால் பட்டறைக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது: கம்பியில் சோப்பைத் தேய்த்து, மெதுவாகச் சூடு காட்டி, சோப்பு கறுத்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் நல்ல மென்கம்பி கிலோ கணக்கில் கிடைக்கும்போது இந்தச் சிரமம் தேவையா என்று யோசியுங்கள்.

முதல் சுற்று

மரத்தில் கை வைக்கும் முன் கொல்லையில் வெட்டிய ஒரு முருங்கைக் குச்சியோ வேப்பங்குச்சியோ எடுத்து அதில் பழகுங்கள்.

மரத்துக்கு முந்தின நாள் தண்ணீரைக் குறைத்தால் கிளை கொஞ்சம் தளர்ந்து இணங்கும். தொட்டி மாற்றிய கையோடு கம்பி கட்டாதீர்கள். வேர் பிடிக்காத மரம் ஆடும், இரண்டு காயத்தையும் ஒன்றாகத் தாங்காது.

ஒரே தடிமனுள்ள பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டை ஒரே கம்பியால் கட்டுவதுதான் முறை. கம்பியின் நடுப்பகுதி தண்டை ஒரு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். ஒரு கிளை மறு கிளையைப் பிடித்துக்கொள்ளும். நங்கூரம் இல்லாமல் கிளையில் மட்டும் சுற்றிய கம்பி கிளையோடு சேர்ந்து உருளும், எதையும் பிடிக்காது. அடியிலிருந்து நுனிக்கு, சுமார் 45 டிகிரி சாய்வில், சீரான இடைவெளியில் சுற்றுங்கள். நெருக்கிச் சுற்றினால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம். சுருள் ஸ்பிரிங் ஆகிவிடும். கம்பி பட்டையைத் தொட வேண்டும், இறுக்கக்கூடாது. இலையையும் மொட்டையும் கம்பிக்கு அடியில் மாட்டிவிடாதீர்கள். இடது கை கிளையைத் தாங்கட்டும், வலது கை கம்பியைச் சுற்றட்டும்.

வளைக்கும் இடத்தில் கம்பிச் சுற்று ஒன்று வளைவின் வெளிப்பக்கம் அமையும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கிளை ஒடிவது எப்போதும் வெளிப்பக்கம் நார் பிய்ந்துதான். அங்கே கம்பி அணை கொடுத்தால் இன்னும் கொஞ்சம் தூரம் தாங்கும். பெரிய வளைவு என்றால் ஈரமாக்கிய வாழைநாரை முதலில் கிளையின்மேல் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் கம்பி கட்டுங்கள். இரண்டு பெருவிரலையும் உள்பக்கம் வைத்து, மற்ற விரல்களால் வெளியே அணைத்து, மெதுவாக வளையுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியைச் சில வாரம் கழித்து வளைக்கலாம்.

கட்டி முடித்த மரத்தை ஒரு வாரம் பத்து நாள் நேர்வெயிலில் வைக்காமல் அரைநிழலில் வையுங்கள்.

கம்பியை எடுப்பது

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்து அதை நம்பாதீர்கள். அது குளிரில் உறங்கும் மரங்களுக்கான கணக்கு. பங்குனி தொடங்கி ஆடி வரை நம் ஆலும் இச்சியும் பருக்கிற வேகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்திலேயே கம்பி பட்டையில் பதிய ஆரம்பிக்கும். மார்கழி, தையில் கொஞ்சம் தாமதமாகும். தேதி பார்க்காமல் கிளையைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போது வாரம் ஒருமுறையாவது தண்டோடு சேரும் இடத்தையும் வளைவின் உள்பக்கத்தையும் குனிந்து கவனியுங்கள். முதலில் பதிவது அங்கேதான். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி மறைந்து, இரண்டு பக்கமும் பட்டை லேசாக மேடு தட்டினால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கிளை இன்னும் நிலைக்கவில்லை என்றால் கவலையில்லை. புதுக் கம்பியை, பழைய தடத்தில் விழாமல் மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம்.

எடுக்கும்போது சுற்றுகளைப் பிரித்து எடுக்காதீர்கள். காசு மிச்சம் என்று பிரிப்பவர்கள் கிளையை ஒடித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றையும் வெட்டி உதிர்த்துவிடுங்கள். போன்சாய்க்கென்று வரும் கம்பிவெட்டியின் வாய் மொட்டையாக, நுனிவரை வெட்டும்படி இருக்கும்; பட்டையைக் குத்தாது. அது இல்லாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சிறிய நிப்பர் 2 மி.மீ. அலுமினியம் வரை போதும். 3, 4 மி.மீ. கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டும்போது மூக்கு கிளையைக் கிழிக்காமல் பக்கவாட்டில் பிடித்து வெட்டுங்கள்.

வெட்டிய துண்டுகளைத் தொட்டி மண்ணில் விழ விடாமல் கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேர் பிரிக்கும்போது விரலில் குத்துவது அவைதான். நீளமாகத் தப்பிய அலுமினியத் துண்டுகளை நிமிர்த்தி இழுகம்பியாக, நாற்றுக்குத் தாங்கலாகப் பயன்படுத்தலாம். செம்புத் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். அரைக் கிலோ சேர்ந்ததும் பழைய இரும்புக் கடையில் போட்டால் அடுத்த சுருளுக்கு ஒரு பங்கு பணம் அதிலேயே கிடைக்கும்.